இறாலுக்கு மீசை வைத்தது போதும்!

பஹாமாஸ் நாட்டின் பத்து சென்ட் நாணயத்தில் இரண்டு மீன்கள் இருக்கும். அதுதான் போன்ஃபிஷ். பெயருக்கேற்ற மாதிரி உடம்பெல்லாம் முள். ஆனால் அதைத் தூண்டிலில் பிடித்து, ஒரு போட்டோ எடுத்துவிட்டு, மறுபடி கடலிலேயே விடுவதற்காக எங்கிருந்தோ விமானம் ஏறி வருகிறவர்கள் ஏராளம். முழங்கால் ஆழத் தண்ணீர், வெள்ளை மணல், அதன்மேல் நிழல் மாதிரி நகரும் மீன். தூண்டிலில் நிஜ இரை எதுவும் கிடையாது. கொக்கியில் நூலும் இறகும் முடியும் சுற்றிச் செய்த போலி இரைதான். அதற்குப் பெயர் ஃப்ளை. (ஈ என்று மொழிபெயர்த்துச் சிரிக்க வேண்டாம். ஆற்று மீனுக்காகப் பூச்சி மாதிரிக் கட்டிய காலத்துப் பெயர், கடலுக்கு வந்தும் ஒட்டிக்கொண்டது.)

இந்த ஃப்ளையை எப்படிக் கட்டுவது என்பதில்தான் சண்டையே.

இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒருவர் இறாலுக்கு மீசை வைக்கிறார். இன்னொருவர் கால்களை எண்ணி எண்ணி ஒட்டுகிறார். மூன்றாமவர் முதுகில் எபாக்ஸி பூசி, ஓட்டுக்கு வரி வரியாகக் கோடு போடுகிறார். எல்லாம் முடிந்ததும் தட்டில் வைத்தால் மசாலா தடவிப் பொரித்துவிடலாம் போலிருக்கிறது! கீழே "ஆஹா, அப்படியே நிஜ இறால்" என்று பாராட்டு மழை. பாராட்டியவர்களில் ஒருவராவது மீனா?

சரி, இந்த மீனுக்குக் கட்டியவற்றிலேயே மிகப் பிரபலமான ஃப்ளையின் கதையைப் பாருங்கள். 1977-இல் கலிஃபோர்னியாக்காரர் பாப் நாஹெய்ம், பஹாமாஸின் மிகப் பெரிய தீவான ஆண்ட்ரோஸுக்கு மீன் பிடிக்கப் போனார். வழிகாட்டி அந்தத் தீவின் சார்லி ஸ்மித். அங்கே பிறந்த ஃப்ளைக்கு 'நாஸ்டி சார்லி' என்று பெயர். பின்னாளில் விற்பனைக்கு வந்தபோது 'கிரேஸி சார்லி' ஆகிவிட்டது. அதில் என்னதான் இருக்கிறது? ஒரு கொக்கி. அதன் தண்டில் வெள்ளி நிற ஜிகினாப் பட்டை, அதன்மேல் நிறமில்லாத நைலான் நரம்பு. இரண்டு சேவல் இறகு. கண்ணுக்கு இரண்டு உலோக மணி. அவ்வளவுதான்! மீசை இல்லை, கால் இல்லை, ஓடும் இல்லை. இன்னொரு வேடிக்கை, நாஹெய்ம் மனதில் வைத்துக் கட்டியது இறாலையே அல்ல. கண்ணாடி மாதிரி இருக்கும் ஒரு பொடி மீனை. இன்றைக்கு அதே ஃப்ளையை இறால் என்று சொல்லி வீசுகிறார்கள். போன்ஃபிஷ் இரண்டையும் ஒத்துக்கொண்டு கடிக்கிறது. இதற்குப் பிறகுமா உருவ ஒற்றுமைக்கு வக்காலத்து?

ரகசியம் அந்த இரண்டு மணியில் இருக்கிறது. வாஷ்பேசின் மூடியில் தொங்குமே குண்டு குண்டாக ஒரு சங்கிலி, அதே வகைச் சங்கிலியிலிருந்து இரண்டு குண்டை வெட்டி, கொக்கித் தண்டின் மேல்பக்கத்தில், எட்டு போடுகிற மாதிரி நூலைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி இறுக்க வேண்டும். தண்ணீரில் விழுந்ததும் அந்தக் கனம் ஃப்ளையைத் தலைகீழாகப் புரட்டிவிடும். மணி கீழே, கொக்கியின் கூர் மேலே. தரையோடு இழுத்தாலும் புல்லிலும் பவளத்திலும் அவ்வளவு சுலபமாக மாட்டாது. அதனால்தான் இறகை மட்டும் கூர் இருக்கிற பக்கம் கட்டுகிறார்கள், புரண்ட பிறகு அது கூரை மறைக்கும். மணி வெறும் அலங்காரம் இல்லை, அதுதான் எஞ்சின்.

போன்ஃபிஷ்ஷின் வாய் மூக்குக்குக் கீழே இருக்கிறது. தரையை முட்டி, மணலைக் கிளறித் தின்கிற மீன் அது. இறாலோ நண்டோ பயந்தால் ஓடி ஒளிவதும் தரையில்தான். எனவே ஃப்ளை சரியான நேரத்தில் தரைக்குப் போக வேண்டும். இடுப்பளவு ஆழத்துக்கு ஈயக் கண். முழங்காலளவுக்கு மணிச்சங்கிலி. மீன் தலையைக் கவிழ்த்து வாலை வெளியே நீட்டி மேய்கிற கணுக்கால் தண்ணீருக்கு, கனமே இல்லாத கண், அல்லது கண்ணே வேண்டாம். அந்த இடத்தில் ஈயக் கண்ணை வீசினால் 'ப்ளக்' என்ற ஒரு சத்தம் போதும், மொத்தக் கூட்டமும் காலி. அடர்த்தியாக முடி வைத்துக் கட்டினால் நேரெதிர்ப் பிரச்சினை. ஃப்ளை குடை விரித்த மாதிரி மெதுவாக இறங்கும், அதற்குள் மீன் கடந்து போயிருக்கும்.

"தினமும் தூண்டிலைப் பார்த்துப் பழகிய மீன் உஷாராக இருக்குமே, அதை ஏமாற்ற நுணுக்கம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ரப்பர் கால் வைத்த ஃப்ளைகள் நன்றாகவே மீன் பிடிக்கின்றன. ஆனால் அது கால் மாதிரி இருப்பதால் அல்ல, தண்ணீரில் துடிப்பதால். எபாக்ஸியில் உறைந்த கால் துடிக்குமா? உஷாரான மீன் பயப்படுவது விழுகிற சத்தத்துக்கும் இயல்பில்லாத அசைவுக்கும். மீசை எத்தனை என்று எண்ணுவதற்கு அதற்கு நேரமில்லை.

இன்னொன்று. மீசைக்கு அரை மணி செலவழிக்கிறவர், கொக்கி நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கப் பத்து வினாடி செலவழிப்பதில்லை. இது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. பஹாமாஸில் நடந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. விடும்போது நிலைகுலைந்து தடுமாறிய போன்ஃபிஷ், தடுமாறாத மீனைவிட ஆறு மடங்குக்கும் மேல் அதிகமாக வேட்டை மீன்களுக்கு இரையாகியிருக்கிறது. எதிர்முள் இருந்தால் கொக்கியைக் கழற்ற நேரமாகும், கையில் பிடித்திருக்கும் நேரமும் கூடும், மீன் களைக்கும். 'பிடித்தேன், விட்டேன்' என்று பெருமையாகப் போட்டோ போட்டவர் திரும்பிய பிறகு, சுறா வந்து கணக்கை முடித்துவிடும். நல்ல ஃப்ளை என்பது மீனின் வாய்க்குள் சுலபமாகப் போவது மட்டுமல்ல, சுலபமாக வெளியே வருவதும்தான்.

எனவே கட்டப் பழகுகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கட்டி முடித்ததும் கேமராவை எடுக்காதீர்கள். ஒரு பக்கெட் தண்ணீர் எடுங்கள். உள்ளே போடுங்கள். புரள்கிறதா? நேராக இறங்குகிறதா? எவ்வளவு வேகம்? புரளாவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். ஒரே ஃப்ளையை மூன்று கனத்தில் கட்டி வையுங்கள். மூன்று ஆழத்துக்கும் ஆயிற்று. எதிர்முள்ளை நசுக்குங்கள்.

அப்புறமும் நேரம் மிச்சமிருந்தால் மீசை வையுங்கள். யார் வேண்டாமென்றது?