நாலு சிலிண்டரில் 476 குதிரை!

வேகமான கார் வேண்டுமா? பெரிய என்ஜின் வை! மோட்டார் உலகத்தில் நெடுங்காலமாக இதுதான் வேதம்.

அந்த வேதத்தை ஒரு ஜெர்மன் கம்பெனி 2022ல் மாற்றி எழுதியது. மெர்சிடஸ் பென்ஸ் கம்பெனியின் அதிவேகக் கார்ப் பிரிவான ஏ.எம்.ஜி., தன் புகழ் பெற்ற சி-63 காரிலிருந்து எட்டு சிலிண்டர் என்ஜினைக் கழற்றியது. அதே இடத்தில் நாலு சிலிண்டர் என்ஜினை மாட்டியது. காரின் சக்தி குறையவில்லை; கூடியது! ஆனாலும் கார்ப் பிரியர்கள் கை தட்டவில்லை. கோபித்துக்கொண்டார்கள்.

ஏன் இந்தக் கோபம்? முதலில் அந்தச் சின்ன என்ஜினைப் பார்ப்போம்.

ஊதுகுழல் ரகசியம்

அடுப்பு மங்கி எரிகிறது. வீட்டு அம்மாள் ஊதுகுழலை எடுத்து ஊதுகிறாள். குப்பென்று பற்றிக்கொள்கிறது. அடுப்பு பெரிதாகவில்லை. காற்றுதான் கூடியது.

கார் என்ஜினும் ஓர் அடுப்புதான். பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். சாதாரண என்ஜின் தானாக இழுக்கும் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். காற்றை அழுத்தித் திணித்தால்? கூடுதல் பெட்ரோல் எரியும். கூடுதல் சக்தி பிறக்கும்.

சரி, என்ஜினுக்கு யார் ஊதுவது? அது விடும் புகையே ஊதுகிறது! புகைக் குழாயில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. சூடான புகை அதைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை வாங்கி, அழுத்தி, சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையிடம் வேலை வாங்கும் இந்தக் கருவிக்குத்தான் 'டர்போ' என்று பெயர். ஆல்பிரட் பியூகி என்ற சுவிட்சர்லாந்து என்ஜினியர் 1905ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

கண்ணாடியில் தெரிந்த பெயர்

1973ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி, '2002 டர்போ' என்ற நாலு சிலிண்டர் காரைக் காட்டியது. சக்தி 170 குதிரை. காரின் முன்புறத்தில் 'டர்போ' என்ற எழுத்துக்களை இடவலம் மாற்றி எழுதியிருந்தார்கள். ஏன் தெரியுமா? முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும். பயந்து வழி விடுவார்! இந்தக் குறும்பை ஜெர்மானியர் பலர் ரசிக்கவில்லை. அந்த ஆண்டே பெட்ரோல் நெருக்கடியும் வந்தது. மொத்தம் 1,672 கார்களோடு கதை முடிந்தது.

இந்தக் காருக்கு இன்னொரு குறையும் இருந்தது. காலை அழுத்தியதும் ஓடாது. புகை சேர வேண்டும். சக்கரம் வேகம் பிடிக்க வேண்டும். பிறகுதான் காற்று வரும். 'கார் தூங்குகிறதா?' என்று ஓட்டுகிறவர் மேலும் அழுத்துவார். திடீரென்று பாயும்! வளைவில் இப்படிப் பாய்ந்தால் என்ன ஆகும்?

அடுத்து வந்தது சுவீடன். 1977ல் சாப் கம்பெனி காட்டிய '99 டர்போ' காரில் இரண்டு லிட்டர் என்ஜின், 145 குதிரை சக்தி. குடும்பத்தோடு போகிற காருக்கும் டர்போ பொருந்தும் என்று காட்டியது அதுதான். 1983ல் பிரேசில் வீரர் நெல்சன் பிக்கே உலகப் பந்தயப் பட்டம் வென்றார். அவர் காரில் இருந்ததும் ஒரு நாலு சிலிண்டர் டர்போதான். அளவு ஒன்றரை லிட்டர். சாலையில் ஓடும் சாதாரண பி.எம்.டபிள்யூ. காரின் என்ஜின்தான் அதற்கு அடிப்படை!

ஒரு ஆள், ஒரு என்ஜின்

இப்போது ஏ.எம்.ஜி. என்ஜினுக்கு வருவோம். இதன் பெயர் எம்-139. ஸ்டட்கார்ட் நகருக்கு அருகே அபால்டர்பாக் என்ற சிறிய ஊரில் பிறந்தது. ஒரு என்ஜினை ஒரே தொழிலாளி தொடக்கம் முதல் முடிவு வரை பூட்டுகிறார். முடிந்ததும் அவர் கையெழுத்தோடு ஒரு தகடு என்ஜின் மேல் ஏறுகிறது.

அளவு 1,991 கன சென்டிமீட்டர். அதாவது, நாலு சிலிண்டரும் சேர்ந்து இரண்டு லிட்டர் பாட்டில் கொள்ளும் இடம்தான். 2019ல் இது ஏ-45 எஸ் என்ற சின்னக் காரில் வந்தபோது 421 குதிரை. 2022ல் சி-63 காரில் 476 குதிரை. சாப் காரிலும் இதே இரண்டு லிட்டர்தான். சக்தியோ மூன்று மடங்குக்கு மேல்!

பழைய 'தூக்கத்துக்கு' மருந்தும் கண்டார்கள். டர்போவின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, இரண்டு விரல் அகலத்தில் ஒரு மின்சார மோட்டார். புகை வரும்வரை அது காத்திருப்பதில்லை. தானே அச்சைச் சுழற்றிவிடுகிறது. நிமிஷத்துக்கு 1,75,000 சுற்று வரை! கண் சிமிட்டுவதற்குள் பல நூறு சுற்று. 2014ல் பந்தயக் கார்களில் புகுந்த தந்திரம் இது.

பிறகு ஏன் சண்டை?

காரணம் சட்டம். ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்கள் விடும் கரியமில வாயுவுக்கு வரம்பு உண்டு. வரம்பை மீறினால், மீறிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். 2020ல் இந்த வரம்பு இறுகியது. எட்டு சிலிண்டர் கார்களை விற்கும் கம்பெனிக்கு வயிற்றில் புளி கரைத்தது. அதனால்தான் சின்ன என்ஜின்; அதோடு, பின் சக்கரங்களை ஓட்ட 204 குதிரை சக்தியில் ஒரு மின்சார மோட்டார். மொத்தம் 680 குதிரை. பழைய காரில் 510தான்.

கணக்கில் புதியது ஜெயித்தது. ஆனால் மின்கலம், மோட்டார் எல்லாம் சேர்ந்து எடை 2,111 கிலோ. பழையதைவிடச் சில நூறு கிலோ அதிகம். மின்சாரத்தில் மட்டும் ஓடினால் 13 கிலோமீட்டர்தான் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எட்டு சிலிண்டர் உறுமல் போய்விட்டது! அந்தச் சத்தத்துக்காகவே பணம் கொடுத்தவர்கள் அவர்கள். 'வேகம் இருக்கிறதே' என்றால் சமாதானம் ஆவார்களா?

வேடிக்கை என்னவென்றால், இதே என்ஜின் ஏ-45 எஸ் காரில் வந்தபோது எல்லோரும் மெச்சினார்கள். அது சின்னக் கார். நாலு சிலிண்டருக்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை. கிடைத்ததெல்லாம் லாபம். சி-63 காரிலோ ஒன்றைப் பறித்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தார்கள். குற்றம் என்ஜினில் இல்லை. அதைக் குடிவைத்த வீட்டில்தான்.

இதற்கிடையில் சட்டமும் ஆட்டம் காண்கிறது. 2035 முதல் புதுக் கார்கள் கரியமில வாயுவே விடக்கூடாது என்று 2023ல் ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது. 2025 டிசம்பரில் ஐரோப்பியக் கமிஷனே இறங்கி வந்தது. நூற்றுக்கு நூறு வேண்டாம், தொண்ணூறு குறைத்தால் போதும் என்று யோசனை சொன்னது. மீதிப் பத்தில்தான் பெட்ரோல் என்ஜின்கள் பிழைக்க இடம் தேட வேண்டும்.