சீட்டில் ஏறாத மருந்து

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனை எதிலிருந்தும் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் சீட்டும் கையுமாக வெளியே வரும்போது நிறுத்திப் பார்த்தால், காலைக்கும் மாலைக்கும் உரிய மாத்திரைகளும், இன்சுலின் வேண்டியவராயின் அதன் அளவும், மறுபடியும் வரவேண்டிய தேதியும் அந்தச் சீட்டில் கிரமமாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்த மாத்திரையும் இன்சுலினும் தம் உடம்புக்குள் என்ன காரியம் செய்கின்றன என்பதை அவர் வீட்டிலிருந்தபடியே அறிந்துகொள்ள உதவும் சோதனைப் பட்டை, அதாவது மருந்துக்கடையில் ஸ்டிரிப் என்று கேட்டு வாங்குகிற சிறு துண்டு, பெரும்பாலும் அதில் எழுதப்பட்டிராது. கேட்கத் துணிந்தவருக்கு, “அது நாங்கள் கொடுப்பதில்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்” என்ற பதில் கிடைக்கும். தனியார் மருத்துவரிடம் போனாலும், “மாதம் ஒரு தடவை லேபில் பார்த்தால் போதும்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்தக் குறையை நான் எழுதுவது குயிலாப்பாளையத்திலிருந்து. முந்திரியும் செம்மண்ணுமான இந்த மேட்டிலிருந்து இறங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால், நடுவில் புதுச்சேரிக்குச் சொந்தமான காலாப்பட்டைக் கடந்து மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மரக்காணத்து உப்பளங்களை அடையலாம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை வியாதி உண்டென்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14.4 பேருக்கும் புதுச்சேரியில் 26.3 பேருக்கும் அது இருக்கிறதென்றும் கணக்கிட்டது. எல்லைக் கல்லைத் தாண்டியதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறதென்று யாரும் நம்பமாட்டார்கள்; கணக்கெடுத்த ஆண்டுகள் வேறு, நகரமும் கிராமமும் கலந்திருக்கும் விகிதம் வேறு. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், இந்தக் கரையில் இந்த வியாதி இல்லாத தெரு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

உப்பளத்தில் வேலை செய்கிற, இன்சுலின் போட்டுக்கொள்கிற ஒரு பெண்ணை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். விடியுமுன் ஊசி போட்டுக்கொண்டு, கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திக்குள் இறங்குகிறவளுக்கு, வெயில் ஏறியபின் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தலை சுற்றுகிறது என்றால், அது வெயிலின் களைப்பா, சர்க்கரை இறங்கிப்போனதன் அறிகுறியா, அல்லது ஏறிப்போனதனால் உண்டான நாவறட்சியின் தொடர்ச்சியா என்பதை, அருகில் நிற்பவர்கள் மட்டுமல்ல, படித்த வைத்தியரே வந்து நின்றாலும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உப்பளத்தில் எல்லோருக்குமே வியர்க்கிறது, எல்லோருக்குமே தலை சுற்றுகிறது. வெல்லம் கொடுப்பதா, வேண்டாமா என்ற ஒரே கேள்விக்கு ஒரு சொட்டு ரத்தமும் ஒரு ஸ்டிரிப்பும் சில விநாடிகளில் விடை சொல்லிவிடும். அந்த ஸ்டிரிப் இல்லாதபோது, சர்க்கரை இறங்கி மயங்குகிறவளை வெயில் மயக்கமென்று எண்ணி நிழலில் படுக்கவைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். வெறுங்காலோடு உப்புநீரில் நிற்கிறவளுக்கு, கட்டுக்கடங்காத சர்க்கரையினால் பாதத்தின் உணர்ச்சி மரத்துப்போய், உப்புக் கல் கீறிய புண் தெரியாமலே பெரிதாகிவிடும் அபாயமும் இதனுடன் சேர்ந்தது.

சொந்தக் காசில் வாங்கலாமே என்பார்கள். சந்தையில் ஒரு ஸ்டிரிப் ஏறக்குறைய 15 முதல் 25 ரூபாய் வரை விற்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் நாளொன்றுக்கு நான்கு முறை பார்க்கவேண்டுமென்றால், 20 ரூபாய் வீதம் 80 ரூபாய், மாதத்துக்கு 2,400. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ஆம் ஆண்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். கூலியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை விரல் நுனியில் செலவழிக்கும்படி உபதேசிப்பவர்கள், மழைக்காலத்தில் உப்பளங்களில் வேலையே இல்லாமற்போகும் மாதங்களையும் யோசித்துப் பார்க்கவேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டருக்கும் ஸ்டிரிப்புக்கும் ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல காரியந்தான். ஆனால் அதனால் மிச்சமாகிற தொகை இந்தப் பெண்ணின் கணக்கை மாற்றிவிடவில்லை.

நோயாளி தாமே பார்த்துக்கொள்வது என்ற எண்ணமே வைத்திய உலகத்தில் சுலபமாக அங்கீகாரம் பெற்றதல்ல. நம் பாட்டனார் காலத்தில், வசதியுள்ள வீடுகளில், ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குழாயும் வைத்துக்கொண்டு, ஸ்டான்லி பெனடிக்ட் என்ற அமெரிக்கர் 1908-இல் கண்டுபிடித்த நீலத் திரவத்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சி, நீலம் நீலமாகவே நிற்கிறதா, பச்சையாகிறதா, மஞ்சளாகிறதா, செங்கல் நிறத்துக்குப் போகிறதா என்று வீட்டார் கூடி நின்று பார்ப்பதுண்டு. மணிக்கணக்கில் பழைய சங்கதியைத்தான் அது சொல்லும். சர்க்கரை அபாயமாக இறங்கிவிட்டதைச் சொல்லவே சொல்லாது. 1965-இல் ஏம்ஸ் கம்பெனி ரத்தத்துக்கான சோதனைப் பட்டையைக் கொண்டுவந்து, பின்னர் அதை வாசிக்க ஒரு கருவியையும் செய்தபோது, அந்தக் கருவி மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்கப்பட்டது. பன்னிரண்டு வயதிலிருந்தே இன்சுலினை நம்பி வாழ்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க எஞ்சினீயர், 1969-இல் அதை வாங்க முயன்று, நோயாளிக்கு விற்பதில்லை என்று மறுக்கப்பட்டு, மருத்துவராயிருந்த தம் மனைவியின் பெயரில் 650 டாலர் கொடுத்து வாங்கி, தினந்தோறும் ஐந்தாறு முறை தம் ரத்தத்தைத் தாமே சோதித்துத் தம் உடம்பைச் சீராக்கிக்கொண்டார். அந்த அனுபவத்தை அவர் கட்டுரையாக எழுதியனுப்பியபோது மருத்துவப் பத்திரிகைகள் ஏற்கவில்லை. ஆகவே, தம் நாற்பத்தைந்தாவது வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார். தொண்ணூறு வயது வரை வாழ்ந்து 2025-இல் காலமானார் என்பது, அவரை மறுத்தவர்களுக்கு அவர் அளித்த போதுமான பதில்.

அவர் தனியே கண்டதை 1993-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆராய்ச்சி ஊர்ஜிதம் செய்தது. நாளுக்கு நான்கு முறையேனும் ரத்தத்தைப் பார்த்து அதற்கேற்ப இன்சுலினைத் திருத்திக்கொண்டவர்களிடத்தில் கண் நோயின் அபாயம் 76 சதவீதமும், சிறுநீரக நோய் 50 சதவீதமும், நரம்பு நோய் 60 சதவீதமும் குறைந்தன. அன்றிலிருந்து இன்சுலினையும் சோதனையையும் பிரித்துப் பேசுவதற்குச் சாஸ்திரத்தில் இடமில்லை. பேசுகிற இடம் நிர்வாகந்தான்.

நம் நிர்வாகத்தைக் குறை சொல்லுமுன் அதற்குரிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் மூலம் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது அதற்குக் கிடைத்ததும் தகுதியானதே. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்யவேண்டுமென்று 2007-இலேயே முடிவெடுத்து, டாக்டர் வி. சேஷய்யாவின் யோசனைப்படி நாட்டுக்கே முன்னோடியாக நின்றதும் இதே தமிழ்நாடுதான். ஆனால், அதே மக்களைத் தேடி மருத்துவம், சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்வதற்கான திரவப் பைகளையும் வீட்டுக்கே அனுப்பிவைக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அந்தக் கருணையைப் பாராட்டிக்கொண்டே ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. சிறுநீரகம் கெட்டபின் இத்தனை பெரிய பையைச் சுமந்துவரும் அரசு, கெடுமுன் அதைக் காத்துக்கொள்ள உதவும் சிறிய டப்பாவை ஏன் கொண்டுவரக் கூடாது?

மருத்துவர்களின் பக்கத்து நியாயம் ஒன்று இருக்கிறது. மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்கள் தினந்தோறும் விரலைக் குத்திப் பார்ப்பதனால் பெரிய லாபம் இல்லையென்று இங்கிலாந்தில் 2007-இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டிற்று. பிற்பாடு அமெரிக்காவில் நடந்ததும் அதையே சொல்லிற்று. ஆகவே எல்லோருக்கும் எல்லையின்றி ஸ்டிரிப் வழங்கவேண்டுமென்று நான் வாதிக்கவில்லை. அப்படி வாதிப்பது பொதுப்பணத்துக்குச் செய்யும் துரோகம். சர்க்கரையைத் தாழ்த்திவிடக் கூடிய மாத்திரைகள் சில உண்டு, அவற்றைச் சாப்பிடுகிற முதியவர்களின் விஷயம் வேறு. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள், முதல் வகை வியாதியுள்ள குழந்தைகள், சர்க்கரையுள்ள கர்ப்பிணிகள் ஆகியோரின் விஷயம் முற்றிலும் வேறு. இவர்களையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒருவருக்கும் இல்லையென்று சொல்லிவிடுவது சிக்கனமாகாது.

ஸ்டிரிப்புக்காக மருத்துவரோடு மன்றாடுவது நம்மவருக்கு மட்டும் வாய்த்த துன்பமுமல்ல. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டம், இன்சுலின் போடுகிறவருக்கு மூன்று மாதத்துக்கு 300, போடாதவருக்கு 100 என்று பங்கிட்டுக் கொடுக்கிறது; அதற்கு மேல் வேண்டுமானால் மருத்துவர் காரணம் காட்டவேண்டும். இங்கிலாந்தில் மருத்துவர்கள் எண்ணிக்கையைக் குறைத்து எழுதுகிறார்களென்று நோயாளிகளின் சங்கம் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறது. இத்தனைக்கும் அங்கே இன்சுலின் போட்டுக்கொண்டு கார் ஓட்டுகிறவர், வண்டியை எடுப்பதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தைப் பார்த்திருக்கவேண்டுமென்பது விதி. அவர்கள் சண்டை எண்ணிக்கையைப் பற்றியது. நாம் இன்னும் ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கிறோம். தூரதேசம் வேண்டாமென்றால் அண்டை மாநிலமான கேரளத்தைப் பார்க்கலாம்: அங்கே ‘மிட்டாயி’ என்ற பெயரில், முதல் வகை வியாதியுள்ள குழந்தைகளுக்கு இன்சுலினோடு சோதனைக் கருவிகளையும் அரசே இலவசமாக அளிக்கிறது. சர்க்கரை வியாதிக் குழந்தைகளின் திட்டத்துக்கு மிட்டாயி என்று பெயர் வைத்தவரின் ரசனை தனியே பாராட்டத்தக்கது.

வாங்க முடிந்தவர்களுக்கும் இந்தக் கரையில் ஒரு தொல்லை உண்டு. ஸ்டிரிப்புகள் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்படாத சூட்டில், ஈரம் படாமல் வைக்கப்படவேண்டியவை. சித்திரை வைகாசியில் தகரக் கூரையின் கீழ், உப்புக்காற்று வீசுகிற வீட்டில், அது எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. சில கம்பெனிகளின் டப்பாவைத் திறந்துவிட்டால் மூன்று மாதம், ஆறு மாதம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். ஐம்பது ஸ்டிரிப் கொண்ட டப்பாவை ஏழை ஒருத்தி சிக்கனமாக வருஷம் முழுவதும் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாக எடுத்தாளானால், அவளுடைய சிக்கனமே கடைசி ஸ்டிரிப்புகளைப் பொய் பேசவைத்துவிடும். இதற்கு மேல், ஒரு கம்பெனியின் மீட்டரில் மற்றொன்றின் ஸ்டிரிப் பொருந்தாது. மீட்டரைச் சலுகை விலைக்குக் கொடுத்துவிட்டு ஸ்டிரிப்பில் லாபம் பார்ப்பது அந்த வியாபாரத்தின் ஊரறிந்த சூத்திரம். 2021 ஜூலையில் குளுக்கோமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளின் வியாபார லாபத்துக்கு மத்திய அரசு 70 சதவீத வரம்பு வைத்தது. ஆனால் ஒரு தடவை வாங்குகிற மீட்டரைவிட, நித்தியம் வாங்குகிற ஸ்டிரிப்தான் குடும்பத்தைக் கடிக்கிறது.

இவற்றுக்கெல்லாம் வழி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலத்துக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு மலிவாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் மூலம் வழங்குவதில் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியாகப் பேர் பெற்றது. மீட்டரையும் ஸ்டிரிப்பையும் ஜோடியாக, சிறு டப்பாக்களில் அது வாங்கட்டும். இன்சுலின் பெறுகிறவர்களுக்கும், குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் முதலில் போய்ச் சேரட்டும். தன்னார்வலரின் பையில் மாத்திரையோடு அதுவும் வரட்டும். ஆனால் கழகம் கேட்கப்பட்டதைத்தான் வாங்கும். மருத்துவமனை எழுதப்பட்டதைத்தான் கேட்கும். ஆகையால் என் விண்ணப்பம் முதலாவதாக மருத்துவர்களுக்கே. கையிருப்பு இல்லையென்று தெரிந்தாலும், இன்சுலின் எழுதுகிற ஒவ்வொரு சீட்டிலும் நாளுக்கு எத்தனை ஸ்டிரிப் வேண்டுமென்பதையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். வாசகர்களும், உங்கள் வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் இருந்தால், அடுத்த முறை சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடாமல், அந்த ஒரு வரியையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.