யூதர் என்று யார் சொல்வது?

விவாகரத்துக் கேட்கப் போன ஒரு பெண்மணி, தாம் யூதரே அல்ல என்ற தீர்ப்புடன் வீடு திரும்பினார். இஸ்ரேலின் துறைமுக நகரமான ஆஷ்டோடில், யூத மதக் கோர்ட்டில் நடந்த சம்பவம் இது. அவர் யூத மதத்தைத் தழுவிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சனிக்கிழமை ஓய்வு விரதத்தை அனுஷ்டிக்கிறாரா என்று நீதிபதி விசாரித்தார். பதில் திருப்தி அளிக்கவில்லை. ஆகவே மதம் மாறியதே செல்லாது, விவாகமும் செல்லாது, பெற்ற பிள்ளைகளும் யூதர்கள் அல்ல!

2008-ம் ஆண்டில் மேல் மதக் கோர்ட்டும் இதை ஊர்ஜிதம் செய்தது. அத்துடன் நில்லாமல், ரப்பி ஹைம் ட்ரூக்மன் முன்னின்று நடத்திய மத மாற்றங்கள் யாவற்றின் மீதுமே சந்தேகத்தைக் கிளப்பிற்று. அவரோ சர்க்காரே நியமித்த மத மாற்ற இலாகாவின் தலைவர்! ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கலங்கிப் போயின. 2012-ல் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு இத்தீர்ப்பை ரத்து செய்தது.

யூத மதம் ஆள் தேடும் மதம் அல்ல. சேர விரும்பி வருகிறவரை ரப்பி முதலில் மறுத்துத் திருப்பி அனுப்புவதே பழைய சம்பிரதாயம். விடாப்பிடியாக வருகிறவருக்கே பாடம் தொடங்கும். ஆகார நியமங்கள், பண்டிகைகள், பிரார்த்தனைகள் என்று மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில் படிக்க வேண்டும். பிறகு மூவர் அடங்கிய மதக் கோர்ட்டின் முன் நின்று, கட்டளைகளை ஏற்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு விருத்தசேதனம், முன்பே ஆகியிருந்தால் அடையாளமாக ஒரு துளி ரத்தம். கடைசியில் 'மிக்வே' என்னும் ஸ்நானக் குளத்தில், ஒரு முடிகூட வெளியே தெரியாமல் முழுக வேண்டும். கரையேறுகிறவர் ஆபிரகாமின் புதல்வர், அல்லது புதல்வி. அவருடைய பூர்வத்தைச் சொல்லிக் காட்டுவது பாவம் என்கிறது சாஸ்திரம். தாவீது மன்னரின் பாட்டனாரைப் பெற்ற ரூத், மோவாப் தேசத்திலிருந்து வந்தவள்தானே?

முறையாக மாறியவர் பின்னால் நியமம் தவறினாலும் யூதரே. தவறு செய்த யூதர், அவ்வளவுதான். ஆனால் ஆஷ்டோடு நீதிபதிகளின் வாதம் வேறு. இன்று அனுஷ்டிக்காதவர், அன்று ஏற்றதாகச் சொன்னதே பொய் என்றார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் மனத்தில் இருந்ததை எந்தக் கோர்ட் அளந்து சொல்ல முடியும்?

குழப்பத்துக்குச் சட்டமும் இடம் வைத்திருக்கிறது. யூதர் எவரும் இஸ்ரேலில் வந்து குடியேறலாம் என்ற 1950-ம் ஆண்டுச் சட்டம், யூதர் யார் என்று சொல்லவில்லை. 1970-ல் திருத்தினார்கள்: யூதத் தாய்க்குப் பிறந்தவர், அல்லது யூதராக மதம் மாறியவர், வேறு மதத்தில் இருக்கலாகாது. யார் முன்னிலையில் மாற வேண்டும்? அதைப் பற்றிப் பேச்சில்லை. 'சாஸ்திரப்படி' என்று ஒரு சொல்லைச் சேர்க்க மதக் கட்சிகள் பல காலம் முயன்றும் பலிக்கவில்லை.

அதே திருத்தம் யூதரின் பேரப் பிள்ளைகளுக்கும் குடியேறும் உரிமை தந்தது. சோவியத் யூனியன் சிதறிய காலத்தில் அந்த உரிமையில் வந்தவர்களும் அவர்கள் சந்ததியுமாக நான்கு லட்சம் பேருக்கு மேல் இன்று பதிவேட்டில் யூதராக இல்லை. வரி கட்டுகிறார்கள், பட்டாளத்தில் சேவை செய்கிறார்கள். ஆனால் யூதரை மணக்க வேண்டுமானால் பலர் சைப்ரஸ் தீவுக்குப் போகிறார்கள்; இஸ்ரேலில் பதிவுத் திருமணம் என்பது அவர்களுக்குக் கிடையாது. மதம் மாறினால் சிக்கல் தீரும் என்று சொல்லப்படுகிறது. மாறிய பிறகும் ரத்தாகலாம் என்றால் யார் முன்வருவார்கள்?

2021 மார்ச் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட் மற்றொரு கதவைத் திறந்தது. சீர்திருத்தப் பிரிவினரும் கன்சர்வேடிவ் பிரிவினரும் இஸ்ரேலுக்குள் நடத்தும் மத மாற்றமும் பிரஜா உரிமைக்குச் செல்லும் என்று எட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், ஒருவர் மாறுபட்டார். 2005-ல் தொடங்கிய வழக்கு இது. எனினும் விவாகம் தலைமை ரப்பிகளின் கையில்தான். ஆகவே குடியுரிமை இலாகாவில் யூதராக உள்ளவர், விவாகப் பதிவில் யூதர் அல்ல.

நம் நாட்டு மிஜோராம், மணிப்பூர் வாசிகளான பினே மெனாஷே மக்களுக்கும் இதே சோதனை உண்டு. காணாமற்போன இஸ்ரேல் கோத்திரத்தின் வழி வந்தவர்கள் என்று 2005-ல் தலைமை ரப்பி ஷ்லோமோ அமார் அங்கீகரித்தார். ஆயினும் முறைப்படி மதம் மாற வேண்டும் என்றார். அதை இந்தியாவிலேயே நடத்த வந்த ரப்பிகளின் முயற்சி, இந்திய சர்க்காரின் ஆட்சேபத்தால் நின்றது. எஞ்சிய சுமார் 5,800 பேரையும் 2030-க்குள் அழைத்துக்கொள்ள 2025 நவம்பரில் இஸ்ரேல் மந்திரி சபை முடிவு செய்தது. விமானத்தை விட்டு இறங்கிய பின் அவர்களுக்கும் பாடம், மூவர் கோர்ட், முழுக்கு எல்லாம் உண்டு.