ஓட்டை போடாம முறுக்காதீங்க

மெஷின் டிசைன்ல போல்ட்டோட கோர் டயாமீட்டரை வச்சு ஸ்ட்ரெஸ் கணக்கு போட்டிருப்பீங்க. நானும் போட்டேன், நல்ல மார்க் வேற. ஆனா போன லீவுல ஒரு ஸ்டூல் செய்யறேன்னு உட்கார்ந்து மூணு ஸ்க்ரூவை உடைச்சேன்.

கட்டை வேங்கை. தாத்தா வீட்டை இடிச்சப்போ எடுத்து வச்ச நிலை, நல்லா வைரம் பாய்ஞ்சது. கையில பேட்டரி ட்ரில், ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிற கருப்பு ஸ்க்ரூ. முதல் ரெண்டும் தலை முறிஞ்சு போச்சு. மூணாவது, கட்டையோட ஓரத்தையும் பிளந்துட்டுப் போச்சு. ஸ்க்ரூ வேற வாங்கலாம். தாத்தா வீட்டுக் கட்டையை எங்க போய் வாங்கறது?

உடனே ஸ்க்ரூ மட்டம்னு சொல்லிடறோம். என்னைக் கேட்டா, தப்பு நம்மளோடது. அந்தக் கருப்பு ஸ்க்ரூ ஒல்லி, கெட்டிப்படுத்தின எஃகு. வளையாது, பட்டுனு முறியும். வைரக் கட்டைக்கு மர ஸ்க்ரூதான் வாங்கணும்.

அடுத்தது ஓட்டை. "தம்பி, திருகாணிக்கு முதல்ல வழி விடணும்"னார் எங்க தெரு ஆசாரி. (அம்மா தோட்டுக்குப் பின்னாடி இருக்கறது மட்டும்தான் திருகாணின்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தேன்.) அவர் சொன்ன வழி, நாம படிச்ச அதே கோர் டயாமீட்டர்! 8ஆம் நம்பர் ஸ்க்ரூன்னா வெளி விட்டம் சுமார் 4.2 மி.மீ. அடிக் கட்டையில 3 மி.மீ. துளை போட்டா, உடம்பு சும்மா நுழையும், மரை மட்டும் மரத்தைக் கவ்வும். மேல் கட்டையில 4.5 மி.மீ. போடுங்க, ஸ்க்ரூ அதுல லூசா சுத்தணும். ரெண்டு கட்டையிலயும் மரை பிடிச்சா, நடுவுல இருக்கற இடைவெளி எவ்வளவு முறுக்கினாலும் மூடாது.

மரையில கொஞ்சம் மெழுகுவத்தி தேய்ங்க. சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். பித்தளை போடணும்னா, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதல்ல இறக்கிக் கழட்டிட்டு அப்புறம் போடுங்க, பித்தளை மெத்து. கடைசி ரெண்டு சுத்து கையால, திருப்புளியில. இறுக்கம் எவ்வளவுன்னு மணிக்கட்டுக்குத் தெரியற மாதிரி ட்ரில்லுக்குத் தெரியாது.

முதல் வருஷ கார்ப்பென்ட்ரி ஷாப்ல டீ ஜாயின்ட் இழைச்சு மார்க் வாங்கினோம், ஒரு ஸ்க்ரூகூட இறக்கல. அந்த லேப்ல ஒரு மணி நேரம் வைரக் கட்டைக்கு ஒதுக்கினா, டிசைன் பாடமே இன்னும் நல்லா ஏறும்னு நினைக்கிறேன்.

ஸ்டூல் முடிஞ்சது. பிளந்த ஓரத்தை அறுத்துட்டேன், அதனால ஒரு பக்கம் ரெண்டு இன்ச் குட்டை.