இடித்த சுவர் எங்கே போகிறது?

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது பழமொழி. எவ்வளவுதான் திட்டமிட்டாலும் எதிர்பாராத செலவுகள் வந்து சேரும் என்பதை அது உணர்த்துகிறது. பழைய வீட்டைப் புதுப்பிப்போருக்கும் இப்பழமொழி பொருந்தும். சிமெண்டு, மணல், தரைக்கல், சாயம், கூலி என எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகின்றனர். ஆனால், ஒரு செலவு மட்டும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. அது, இடித்த பொருள்களை முறையாக அகற்றும் செலவு.

கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங் போன்ற ஊரில் இந்த மறதி சிறிய தவறன்று. சமவெளியில் கொட்டிய கல்லும் மண்ணும் ஓரளவு கொட்டிய இடத்திலேயே கிடக்கும். மலையில் அப்படியில்லை. அங்கே கொட்டப்படுவது எதுவும் கொட்டிய இடத்தில் நிற்பதில்லை. மழை அதை அடித்துச் சென்று கீழே உள்ளவர்களிடம் சேர்த்துவிடும். எனவே, வீட்டைப் புதுப்பிப்பவரின் பொறுப்பு புதிய சுவர் எழும்பியதோடு முடிவதில்லை. பழைய சுவர் உரிய இடத்தைச் சென்று சேரும்வரை அந்தப் பொறுப்பு தொடர்கிறது.

ஒரு குடும்பம் சமையலறையைப் பெரிதாக்க ஒரே ஒரு செங்கல் சுவரை இடிப்பதாகக் கொள்ளலாம். அச்சுவர் 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்டது. பார்வைக்குச் சிறியதுதான். ஆனால், செங்கல், சாந்து, பூச்சு எல்லாம் சேர்ந்து அதன் எடை ஏறக்குறைய 2 டன் இருக்கும். அதனுடன் பழைய தரைக்கற்கள், உடைந்த கழுவுதொட்டி, கதவுச் சட்டம், சாயக் குவளைகள் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். வீட்டு முன்புறக் குப்பைத் தொட்டி இதற்குப் போதாது. அது இதற்கான இடமும் அன்று.

இதைப் பற்றிச் சட்டமும் தெளிவாகவே பேசுகிறது. திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007, பகாங் மாநிலத்தில் 2011 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டுமானக் கழிவை அச்சட்டம் தனி வகையாகவே குறிப்பிடுகிறது. புதிய கட்டடம் எழுப்பும்போது உண்டாகும் கழிவு மட்டுமன்றி, பழுதுபார்த்தல், மாற்றியமைத்தல், இடித்தல் ஆகியவற்றால் உண்டாகும் கழிவும் அதில் அடங்கும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக் குப்பையும் ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களும் எடுக்கப்படுகின்றன. உடைந்த நாற்காலி, பழைய மெத்தை போன்ற பெரிய பொருள்களையும் அந்த ஒரு நாளில் வைக்கலாம். இடித்த செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் இந்தச் சேவையில் அடங்கா. அவற்றை அகற்ற, வீட்டுக்காரரே உரிமம் பெற்ற நிறுவனத்தை அமர்த்த வேண்டும். அல்லது லோரியில் ஏற்றிச் செல்லும் ரோரோ தொட்டியை வாடகைக்கு எடுக்க வேண்டும். அனுமதியற்ற இடத்தில் கழிவைக் கொட்டுவோருக்குக் குறைந்தது 10,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட்வரை அபராதம் விதிக்கப்படலாம், சிறைத்தண்டனையும் உண்டு.

அபராதத்துக்கு அஞ்சியே விதியைப் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. விதிக்குப் பின்னால் உள்ள காரணத்தை அறிந்தால் போதும். பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங் மலைப்பகுதியில் தோன்றி, பிரிஞ்சாங், தானா ராத்தா நகரங்களின் வழியாக ரிங்லெட் ஏரியை அடைகிறது. அந்த ஏரி, 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையால் உருவானது. மின் உற்பத்திக்காக ஏற்பட்டது. பல ஆண்டுகளாக மேலிருந்து வந்த மண்ணும் குப்பையும் அதில் படிந்து, நீர் கொள்ளும் இடத்தைக் குறைத்துவிட்டன. வண்டலை அள்ளும் வேலை ஓயாமல் நடக்கிறது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில், கனமழையால் ஏரியின் நீர்மட்டம் உயர்ந்தது. அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் திடீரென வெள்ளம் புகுந்தது. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் வீடுகளை இழந்தனர், உயிர்களும் பறிபோயின.

ஏரியில் படியும் மண்ணுக்கு முதன்மைக் காரணம், மலைச்சரிவுகளில் நிலம் வெட்டித் திறக்கப்பட்டதேயாகும். வீட்டுச் சுவரை இடித்தவரை அந்த வெள்ளத்துக்குக் குற்றவாளி ஆக்குவது நியாயமன்று. ஆயினும், அந்த நிகழ்வு ஓர் உண்மையைக் காட்டிவிட்டது. மேலே வாழ்வோர் ஓடையில் விடுவதைக் கீழே வாழ்வோர் சுமக்கின்றனர். ஏற்கெனவே நிறைந்துவரும் ஏரிக்கு ஒரு மூட்டை கல்லைக்கூடக் கூடுதலாக அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை.

இடித்த பொருள்களில் கல்லும் மண்ணும் மட்டும் இருப்பதில்லை. சிமெண்டுத் தூள் நீரில் கலந்தால் நீரின் காரத்தன்மை உயரும். மீனும் நீர்ச்செடியும் பாதிப்படையும். மிஞ்சிய சாயத்தை வடிகாலில் ஊற்றினால் அது நேரே ஆற்றைச் சேரும். பழைய வீடுகள் சிலவற்றின் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார்த் தகடுகள் உள்ளன. அவற்றை உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார்த்துகள்கள் காற்றில் பரவி நுரையீரலைக் கெடுக்கும். கல்நார்த் தூளும் நாரும் நம் நாட்டில் அட்டவணைக் கழிவு வகையில் வைக்கப்பட்டுள்ளன. அனுபவம் இல்லாதவர் சுத்தியலால் உடைத்து மூட்டை கட்டுவதற்கு உரிய பொருளன்று அது.

இந்தக் கருத்தை ஏற்காதவர்களும் உள்ளனர். “வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொட்டினால் நிலம் மேடாகும், அது நன்மைதானே?” என்று சிலர் கேட்கின்றனர். தேயிலைச் செடியின் வேர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். கொட்டிய கல்லும் கட்டியும் அப்படிப் பற்றுவதில்லை. அவற்றின் இடைவெளிகளில் மழைநீர் புகுந்து எடையைக் கூட்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மலையில், இறுகாத அந்த மேடு ஒருநாள் சரியும். நன்மை எனக் கருதியது கீழ் வீட்டாருக்கு ஆபத்தாய் முடியும்.

“குத்தகையாளரிடம் பணம் கொடுத்தாயிற்று, இனி அது அவர் பாடு” என்பது இன்னொரு வாதம். மிகக் குறைந்த விலை கூறும் குத்தகையாளர், எந்தச் செலவைக் குறைத்து அந்த விலையைக் கூறினார் என்று வீட்டுக்காரர் கேட்க வேண்டும். கழிவை எங்கே கொண்டு செல்வார் என்பதை விலைப்பட்டியலில் எழுதி வாங்க வேண்டும். கொட்டிய இடத்தின் ரசீதைக் காட்டிய பிறகே கடைசித் தவணையைக் கொடுக்கலாம். இரவோடு இரவாக மறையும் லோரியை நம்புவதைவிட இது எளிய காவல்.

“செலவு அதிகம்” என்னும் வாதத்தை மட்டும் எளிதில் தள்ளிவிட முடியாது. வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் லோரி ஏறி இறங்கப் பணம் வேண்டும். தோட்டத்தில் உழைத்துச் சேமித்த பணத்தில் ஓர் அறையைப் புதுப்பிக்கும் குடும்பத்துக்குச் சில நூறு ரிங்கிட்டும் பெரிய தொகைதான். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கழிவையே குறைப்பது. முழுச் செங்கல், கதவு, சன்னல், பலகை ஆகியவற்றை மீண்டும் பயன்படுத்தலாம். இரும்பையும் துத்தநாகத் தகட்டையும் பழைய இரும்புக் கடையில் விற்கலாம். இரண்டு மூன்று அண்டை வீட்டார் ஒரே சமயத்தில் புதுப்பித்தால், ஒரு ரோரோ தொட்டியின் வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது வழி ஊராட்சி மன்றத்தின் கையில் உள்ளது. குறைந்த அளவுக் கழிவைக் கொண்டுவந்து கொடுப்பதற்கு, குடியிருப்புகளுக்கு அருகிலேயே ஓரிடம் அமைக்கப்பட வேண்டும். தண்டனையை மட்டும் கூட்டி, சரியான வழியைத் தொலைவில் வைத்தால், மக்கள் குறுக்கு வழியையே தேடுவர். நாட்டில் பல ஊராட்சி மன்றங்கள் புதுப்பிப்பு அனுமதியின்போது வைப்புத் தொகை பெறுகின்றன. வேலை முடிந்து இடம் சுத்தமானதும் அதைத் திருப்பித் தருகின்றன. நேர்மையாக நடப்பவருக்கு இழப்பில்லாத நல்ல முறை இது. அண்டை நாடான சிங்கப்பூரில் கட்டுமானக் கழிவில் ஏறக்குறைய 99 விழுக்காடு மறுசுழற்சி செய்யப்படுகிறது. உடைந்த கற்காரை அங்கே மீண்டும் கட்டுமானப் பொருளாகிறது. வழி அமைத்துக் கொடுத்தால் குப்பையும் பயன்தரும் என்பதற்கு இது சான்று.

இதில் மாணவர்களுக்கும் பங்குண்டு. வீட்டில் புதுப்பிப்பு வேலை பற்றிப் பேச்சு எழும்போது, “இடித்ததை எங்கே போடப் போகிறோம்?” என்று அவர்கள் கேட்கலாம். மலாய்மொழியில் உள்ள அறிவிப்புகளைத் தாத்தா பாட்டிக்குப் படித்து விளக்கலாம். மாவட்ட மன்றத்தின் அனுமதி தேவையா என விசாரிக்கப் பெற்றோருக்கு உதவலாம்.

மலைமீது வாழ்வோருக்குக் குளிர்ந்த காற்றும் தெளிந்த நீரும் முதலில் கிடைக்கின்றன. அந்த நீரைக் கெடுக்காமல் கீழே அனுப்புவது அவர்களின் கடமை. புதுப்பித்த வீட்டின் அழகு, பளபளக்கும் தரைக்கல்லில் மட்டும் இல்லை. அவ்வீட்டின் இடிபாடு அடுத்தவர் வாசலில் கிடக்கவில்லை என்பதிலும் இருக்கிறது.