இடைச்சொல் போன்ற ஆட்டக்காரர்

உலகம் முதல்வரையே போற்றும் இயல்புடையது. ஓட்டத்தில் முதலில் வந்தவன் யார் என வினவுவோர் பலர். அவனுடன் ஓடியவர் யாவர் என வினவுவோர் மிகச் சிலர். விளையாட்டுத் துறையில் இவ்வியல்பு இன்னும் மிகுதி. வெற்றி வீரனின் படம் வீடுதோறும் தொங்கும். அவனுக்குத் துணைநின்றோர் பெயரோ விரைவில் மறக்கப்படும். இப்போக்கு முறையன்று என்பது என் கருத்து. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக்காரர் ஒருவரின் வரலாற்றைக் கொண்டு அதனை ஈண்டு விளக்குவேன்.

கூடைப்பந்து, 1891ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் அமெரிக்க நாட்டில் பழக்கூடைகள் இரண்டினை மாட்டித் தொடங்கிவைத்த ஆட்டமாகும். இன்று அங்குள்ள தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 குழுக்கள் உள்ளன. ஒரு பருவத்தில் ஒவ்வொரு குழுவும் 82 ஆட்டங்கள் ஆடும். களத்தில் ஒரு நேரத்தில் ஒரு குழுவினர் ஐவரே நிற்பர். ஏனையோர் ஓரத்துப் பலகையில் அமர்ந்து அழைப்பை எதிர்நோக்கியிருப்பர். அவ்வாறு காத்திருந்தும், குழு விட்டுக் குழு மாறியும் வாழ்நாள் ஆட்டத்தை நடத்தியவருள் குறிப்பிடத்தக்கவர் இஷ் ஸ்மித்.

அவர் 1988ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் பிறந்தார். நெடியோர் ஆட்டமாகிய கூடைப்பந்தில் அவரது உயரம் ஆறடியே. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் ஆடினார். ஆண்டுதோறும் குழுக்கள் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் ஒன்று உண்டு. 2010இல் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பெற்றோர் 60 பேர். அவருள் இஷ் ஸ்மித் இல்லை. எனினும் அவர் மனம் தளராது முயன்று, அவ்வாண்டே ஹூஸ்டன் குழுவில் இடம் பெற்றார். சில திங்களில் மெம்பிஸ் குழுவுக்கு மாற்றப்பட்டார். முதல் ஆறு பருவங்களுக்குள் அவர் கண்ட குழுக்கள் ஒன்பது! பின்னர் டெட்ராயிட் நகரில் மட்டும் மூன்றாண்டு நிலைத்திருந்தார். 2022இல் டென்வர் குழுவிற் சேர்ந்தபோது அஃது அவருக்குப் பதின்மூன்றாம் குழுவாயிற்று. அதற்குமுன் அச்சங்கத்தில் பன்னிரண்டு குழுக்களுக்கு மேல் ஆடியவர் எவரும் இலர்.

“ஓரிடத்தும் நிலைத்து நில்லாதவனை எங்ஙனம் புகழ்வது? திறமை இருந்திருப்பின் முதற்குழுவே அவனை வைத்துக்கொண்டிருக்குமன்றோ?” எனச் சிலர் வினவலாம். இவ்வினாவில் உண்மை ஒரு பாதி உண்டு. இஷ் ஸ்மித் முதல் வரிசை வீரரல்லர். தொலைவிலிருந்து பந்தைக் கூடையில் இடுவதில் அவரினும் வல்லார் பலர் இருந்தனர். ஆயினும் மற்றொரு பாதியையும் நோக்குதல் வேண்டும். பன்னிரு குழுக்கள் ஒருவனை விட்டனவென்றால், பதின்மூன்று குழுக்கள் அவனை வேண்டின என்பதும் உண்மையே.

வேண்டியதன் காரணம் யாது? விரைந்து பந்தைத் தட்டிச் சென்று, தக்க பொழுதில் தக்க தோழனுக்கு வழங்குவது அவர் தொழில். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி ஆட்டமுறையும் குறிமொழியும் உண்டு. அவற்றைச் சில நாளில் கற்று, அழைத்த கணமே களம் புகுதல் எளிதன்று. 2015ஆம் ஆண்டு இறுதியில் பிலடெல்பியா குழு ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் வென்று, நகைப்புக்கு இடமாகி நின்றது. முன்பு தான் போகவிட்ட இஷ் ஸ்மித்தை அது மீண்டும் வருவித்துக்கொண்டது. அப்பருவம் முடியுமுன் மேலும் ஒன்பது ஆட்டங்களில் வென்றது. பத்து வெற்றி பெருமைக்குரிய எண்ணன்று. ஆயினும் ஒன்றினும் பத்து பெரிதன்றோ?

ஈண்டு ஒன்றை மறைத்தல் கூடாது. அந்நாட்டுக் குழுக்கள் தம்முள் ஆட்டக்காரரைக் கைமாற்றிக்கொள்கின்றன. ஒரு சிலர் நீங்கலாக, மாற்றப்படுவோரின் இசைவு கேட்கப்படுவதில்லை. காலையில் ஒரு நகரத்தான், மாலையில் மற்றொரு நகரத்தான் ஆகிறான். இல்லமும் நட்பும் இடையிலே அறுகின்றன. ஊதியம் பெரிது என்பதனால் இவ்வருத்தம் இல்லையாகிவிடாது. மாற்றத்தைத் தாங்கியவனின் பொறுமையைப் புகழ்வது வேறு; அவனைப் பண்டமெனக் கைமாற்றும் முறையைப் புகழ்வது வேறு. முன்னதை நான் புகழ்கின்றேன், பின்னதைப் புகழேன்.

மாணவர்களே! நீங்கள் இலக்கணத்தில் பெயர்ச்சொல், வினைச்சொல் என்பவற்றோடு இடைச்சொல்லும் பயின்றிருப்பீர்கள். இடைச்சொல் தனித்து நின்று பொருள் தாராது. பிறவற்றைச் சார்ந்தே வரும். ஆனால் ‘கண்ணன் முருகன் கொடுத்தான்’ என்னும் தொடரைப் பாருங்கள். கொடுத்தவன் யார், பெற்றவன் யார் எனத் தெளிவில்லை. ‘கு’ என்னும் சிற்றுருபு வந்து, ‘கண்ணன் முருகனுக்குக் கொடுத்தான்’ என்றானபின் பொருள் விளங்குகின்றது. அவ்வுருபு இன்று ஒரு பெயரைச் சாரும். நாளை வேறொரு பெயரைச் சாரும். அதற்கெனத் தனியிடம் இல்லை. அதனால் அதனை யாரேனும் இகழ்வரோ? இஷ் ஸ்மித்தும் அத்தகைய இடைச்சொல்லே.

2023ஆம் ஆண்டு டென்வர் குழு மயாமி குழுவை வென்று தன் முதற் பட்டத்தைப் பெற்றது. அவ்வெற்றிக்கு முதன்மையாக நின்றவர் நிகோலா யோக்கிச் என்னும் செர்பிய வீரர். இஷ் ஸ்மித் பெரும்பாலும் ஓரத்துப் பலகையில் இருந்தவரே. எனினும் பட்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அதன்பின் அவர் பிறந்த ஊராகிய சார்லட் நகரத்துக் குழுவுக்கே திரும்பி, தம் பதினான்காம் பருவத்தை ஆடினார்.

ஒரு வகுப்பில் முதல் மாணாக்கர் ஒருவரே இருத்தல் கூடும். ஏனையோர் பயனற்றோர் என்பது பேதைமை. நமக்கு வாய்க்கும் இடம் சிறிதாயினும், அழைக்கப்படும் பொழுதில் ஆயத்தமாய் இருத்தல் நம் கையில் உள்ளது. அங்ஙனம் ஆயத்தமாய் இருப்போரை மதித்தல் உலகின் கடமையாகும்.