தனி அறையும் பொதுப் பிரிவும்

எச்.ஐ.வி. உள்ளோருக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு 2004 ஏப்ரலில் இலவசமாக வழங்கத் தொடங்கியது. அதற்கெனத் தனி மையங்கள் அமைந்தன. தாம்பரம் மருத்துவமனை அவற்றுள் முதல் வரிசையில் இருந்தது. "எப்படி வந்தது?" என்று எவரும் வினவாத இடம் அம்மையம். பல்லாண்டுகளாக அதே மாத்திரையை உண்டு நலமாக வாழும் ஒருவர் அருகில் அமர்ந்திருப்பார். புதிதாய் வந்தவருக்கு அக்காட்சி தரும் தெம்பு மருந்துச்சீட்டில் அடங்காது.

ஆயினும் அவ்வாசலில் நிற்பதே சிலரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதற்கு அஞ்சி, ஒருநாள் கூலியை இழந்து அயல் மாவட்ட மையத்துக்குப் பேருந்து ஏறுவோரும் உண்டு. பல்வலிக்கோ பிரசவத்துக்கோ வேறு பிரிவை நாடுவோரிடம், "உங்களுக்குத்தான் தனி இடம் இருக்கிறதே" என்று கூறினால், அடைக்கலம் தந்த அறையே ஒதுக்கிவைக்கும் சுவராகிவிடும். தனி மையங்கள் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அவை ஏனைய பிரிவுகளுக்குச் சாக்காக அமைதல் கூடாது.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சிகிச்சை மறுப்பதைத் தடைசெய்கிறது; இரகசியம் காக்கவும் கட்டளையிடுகிறது. எனினும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு என்ன நோய் என்று செவிலியரிடம் விசாரிக்கும் வழக்கம் உடனிருக்கும் நம்மிடம் உண்டு. அக்கேள்விக்கு அஞ்சியே பொதுப் பிரிவில் சேரத் தயங்குவோர் இருக்கின்றனர்.